விதிவிலக்கு என்னும் ஒரு வரி



ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது என்னும் செய்தியை நாம் நாளேட்டில் ஒரு நொடியில் கடந்து போகிறோம். படை நடத்துவதைக் காட்டிலும் இது நாகரிகமான வழி என்பது பொதுவான எண்ணம். குண்டு விழுவதில்லை, குருதி சிந்துவதில்லை, வணிகம் மட்டுமே நிற்கிறது. அதிலும் உணவு, மருந்து, மருத்துவக் கருவி ஆகியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு என்று சட்டத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். அது யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பதைச் சிறப்புக் கல்வி வகுப்பில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியனின் பார்வையில் எழுதுகிறேன். அரசியல் கற்றறிந்தோர் பொறுத்தருள்க.

என் வகுப்பில் செவித்துணைக் கருவி அணிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். அக்கருவிக்குள் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மின்கலம் ஒன்று உண்டு. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் உழைக்கும். பாடத்தின் நடுவே அது தீர்ந்துபோனால் அவள் கையுயர்த்திச் சொல்வதில்லை. வெண்பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவளின் புத்தகத்தைப் பார்த்து எழுதத் தொடங்குவாள். அதைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிடும். அவளுடைய தாயார் பென்சில் பெட்டிக்குள் மின்கல அட்டை ஒன்றை எப்போதும் வைத்தனுப்புகிறார். மாற்றிப் பொருத்திய மறுகணம் பிள்ளை மீண்டும் வகுப்பறைக்குள் வந்துவிடுவாள்.

நம் தாத்தா பாட்டிமார் ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையை இந்நாட்டில் கேளாதவர் இல்லை. பசிக்கு அரிசி இல்லையென்றால் கிழங்கு உண்டு. துணி இல்லையென்றால் சாக்கைத் தைத்து உடுத்தலாம். உடற்குறையோடு வாழ்பவரின் தேவை அப்படிப்பட்டதன்று. அவருக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு பொருள். குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட தரத்தில், இடைவிடாமல் வேண்டும். ஓர் அளவு மின்கலத்துக்குப் பதிலாக வேறோர் அளவு மின்கலம் பொருந்தாது. ஒருவருக்காக அளவெடுத்துச் செய்த செயற்கைக் காலின் கிண்ணம் இன்னொருவருக்கு உதவாது. அதை வாங்குவோர் தொகையும் சிறியது. ஆகையால் அதைச் செய்யும் நிறுவனங்களும் உலகில் சிலவே. ஒரு நாட்டின் வணிக வழிகள் அடைபடும்போது முதலில் அறுந்துபோவது இத்தகைய மெல்லிய இழைகள்தாம். நான் படித்தவற்றுள் இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது ஈரான் நாட்டுக் குழந்தைகளின் நிலை.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்பது மரபணுக் குறையால் பிறவியிலேயே வரும் ஒரு நோய். சுருக்கமாக ஈ.பி. என்பார்கள். தோலின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் புரதம் இவர்களுக்குச் சரியாக அமைவதில்லை. சட்டைத் தையல் உரசினாலும், தூக்கும்போது தாயின் கை அழுத்தினாலும் தோல் கொப்புளித்துக் கழன்றுவிடும். வண்ணத்துப்பூச்சியின் சிறகைப் போன்ற தோல் என்பதால் பல நாடுகளிலும் இவர்களை வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள் என்றே அழைக்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறது; நோய் அப்படியன்று. கடுமையான வகையில் வாயும் உணவுக்குழாயும் கூடப் புண்ணாகிச் சுருங்கும். மீண்டும் மீண்டும் புண்ணாகி ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் கை ஒரு மூடிய உறையைப் போல் ஆகிவிடும். அறிவில் எக்குறையும் இல்லாத பிள்ளை, பென்சில் பிடிக்க இயலாத பிள்ளையாகிறது. இந்த ஒட்டுதலைத் தள்ளிப்போடுவதற்காக ஒவ்வொரு விரலையும் தனித்தனியே கட்டுவது வழக்கம். பத்து விரலுக்கும் பத்துக் கட்டு. பிறகு கை, கால், முதுகு. ஒரு முறை கட்டவிழ்த்துக் கழுவி மறுபடி கட்டி முடிக்க மணிக்கணக்காகும் என்கிறார்கள்.

அந்நோய்க்கு நெடுங்காலம் மருந்தே இல்லாமல் இருந்தது. இப்போது சில புதிய சிகிச்சைகள் செல்வந்த நாடுகளில் வந்திருக்கின்றன; அவற்றின் விலை நம் போன்றோர் எண்ணிப் பார்க்க முடியாதது. பெரும்பாலோர்க்கு இன்றும் சிகிச்சை என்பது கட்டுத்தான். சாதாரண வலைத்துணியைப் புண்ணின் மேல் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். உரிக்கும்போது தோலும் சேர்ந்தே வரும். அதனால் சிலிக்கோன் பூச்சுடைய மென்நுரைக் கட்டுகள் தேவைப்படுகின்றன. அவை நீரை உறிஞ்சும், புண்ணில் ஒட்டாமல் கழன்று வரும். ஈரானிய நோயாளிகள் பெரிதும் நம்பியிருந்தது சுவீடன் நாட்டின் மோன்லிக்கே நிறுவனம் தயாரிக்கும் மெபிலெக்ஸ் என்னும் கட்டு.

2015இல் ஈரானுடன் அணு உடன்பாடு ஏற்பட்டு, மறு ஆண்டு தடைகள் பல தளர்ந்தன. 2018 மே 8ஆம் நாள் அமெரிக்கா அவ்வுடன்பாட்டிலிருந்து விலகியது. அவ்வாண்டு ஆகஸ்டிலும் நவம்பரிலும் பழைய தடைகள் முழுமையாகத் திரும்பின. ஈரானில் ஈ.பி. நோயாளிகளுக்காக இயங்கும் தொண்டமைப்பு ஒன்றுக்கு 2019 மார்ச்சில் அந்தச் சுவீடன் நிறுவனம் மடல் எழுதியது. அமெரிக்கத் தடைகளை முன்னிட்டு இப்போதைக்கு ஈரான் தொடர்பான எவ்வணிகமும் செய்வதில்லை எனத் தீர்மானித்திருப்பதாகவும், தடைகளில் உள்ள விதிவிலக்குகளின் கீழ் நடக்கும் வணிகத்துக்கும் இம்முடிவு பொருந்தும் என்றும் அம்மடல் கூறியது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இது இடம்பெற்றுள்ளது.

இம்மடலின் பிற்பகுதியைப் படித்தபோது நான் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். சட்டம் தடுத்ததால் அனுப்பவில்லை என்றால் சட்டத்தைக் குறை கூறலாம். இங்கே சட்டம் அனுமதித்திருந்தது. மருந்தும் மருத்துவக் கருவியும் தடையுற்ற நாடுகளுக்குச் செல்ல வழி செய்யும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமே 2000ஆம் ஆண்டில் இயற்றியிருக்கிறது. வரி இருக்கிறது; கட்டு போகவில்லை.

ஏன் போகவில்லை? சுவீடனில் இருக்கும் ஒரு பெட்டி டெஹ்ரானில் இருக்கும் குழந்தையிடம் செல்ல வேண்டுமென்றால் இடையில் எத்தனை பேர் இசைய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். விற்பவர் இசைய வேண்டும். பணத்தை அனுப்பும் ஈரானிய வங்கி, உலக வங்கிகளின் செய்தித் தொடர்பு வலையில் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் ஈரானிய வங்கிகள் பலவும் அவ்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டன. பணத்தைப் பெறும் ஐரோப்பிய வங்கி இசைய வேண்டும். கப்பல் நிறுவனம் ஏற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனம் காப்புத் தர வேண்டும். இவர்களுள் ஒருவர் தயங்கினாலும் பெட்டி நகராது. சட்டத்தின் விதிவிலக்கு இவர்களுக்கு அனுமதி தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை.

தயங்குவதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. சூடான், ஈரான், கியூபா ஆகிய நாடுகளுக்குத் தடையை மீறிப் பணம் கைமாற்றியதற்காகப் பிரான்சின் பி.என்.பி. பாரிபா வங்கி 2014இல் 8.9 பில்லியன் அமெரிக்க டாலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. அதன்பிறகு எந்த வங்கி அதிகாரியின் மேசைக்கு ஈரான் என்ற பெயர் தாங்கிய தாள் வந்தாலும் அவர் கண்முன் நிற்பது அத்தொகைதான். ஒரு பெட்டிக் கட்டுத்துணியை அனுப்பிக் கிடைக்கும் தரகு சில நூறு டாலராக இருக்கலாம். அது உண்மையிலேயே கட்டுத்துணிதானா, வாங்குபவர் யார், அவர் பின்னால் யார் என்று சரிபார்க்க வழக்கறிஞருக்குத் தரும் கூலி அதைவிடக் கூடுதல். எனவே ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னதற்காக எந்த வங்கியும் தண்டம் கட்டியதில்லை. ஐக்கிய நாட்டு வல்லுநர்கள் இதனை அளவுக்கு மீறிய இணக்கம் என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். சட்டம் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னால் நூறடி தள்ளி நிற்பது.

இதெல்லாம் எங்கோ தொலைவில் நடப்பது என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் இருந்த வங்கிகள் சில, இங்குப் படிக்கவும் தொழில் செய்யவும் வந்திருந்த ஈரானியர்களின் கணக்குகளை மூடியதாக அனைத்துலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அவ்வாண்டு டிசம்பரில் டோஹாவில் நடந்த மாநாட்டில் அன்றைய பிரதமர் துன் மகாதீர், ஒரு நாடு தன்னிச்சையாக விதிக்கும் தடைகளை மலேசியா ஆதரிக்கவில்லை என்றும், ஈரான் மீதான தடையால் நாம் பெரிய சந்தையை இழந்துவிட்டோம் என்றும் பேசினார். கொள்கையளவில் எதிர்க்கும் நாட்டிலேயே வங்கி முகப்பில் இந்நிலை என்றால், கொள்கையளவில் ஆதரிக்கும் நாடுகளில் எப்படி இருக்கும்?

முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஈரான் தொடுத்த வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2018 அக்டோபர் 3ஆம் நாள் இடைக்கால ஆணை பிறப்பித்தது. மருந்து, மருத்துவக் கருவி, உணவு, பயணிகள் விமானப் பாதுகாப்புக்கான பொருள் ஆகியவை ஈரானுக்குச் செல்வதைத் தடுக்கும் தடைகளை அமெரிக்கா நீக்க வேண்டும் என்பது ஆணை. அன்றைய தினமே அமெரிக்கா, வழக்குக்கு அடிப்படையாக இருந்த 1955ஆம் ஆண்டு நட்புறவு ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி மூன்றும் சேர்ந்து 2019 ஜனவரியில் இன்ஸ்டெக்ஸ் என்ற பணப் பரிமாற்ற அமைப்பை நிறுவின. அதன் வழியே மருத்துவப் பொருள் வாங்கிய முதல் பரிமாற்றம் 2020 மார்ச்சில் நடந்தது. அதுவே கடைசியும். 2023இல் அவ்வமைப்பைக் கலைத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்து திறந்த இன்னொரு வழியில் 2020 ஜனவரியில் புற்றுநோய் மருந்துகளும் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான மருந்துகளும் சென்றன. ஈ.பி. குழந்தைகளுக்கு ஜெர்மனியின் நிதியைக் கொண்டு யுனிசெஃப் ஓரளவு கட்டுகளைத் தருவித்துத் தந்தது. நல்ல செயல். ஆயினும் கட்டு என்பது தடுப்பூசி போல ஒரு முறை வந்தால் போதுகிற பொருளன்று. இன்று வைத்த கட்டை இரண்டொரு நாளில் மாற்ற வேண்டும். வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டும்.

ஒருதலையாக எழுதுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரானிய அரசு குற்றமற்றது அன்று. 1979க்குப் பின் அந்நாட்டின் முதல் பெண் அமைச்சராக வந்த மர்சியே வாஹித் தஸ்த்ஜெர்தி சுகாதாரத் துறையை ஏற்றிருந்தார். மருந்து இறக்குமதிக்கு வேண்டிய அந்நியச் செலாவணி தம் துறைக்கு வந்து சேரவில்லை, சொகுசுக் கார்களுக்கு அது போகிறது என்று அவர் வெளிப்படையாகக் குறைபட்டார். 2012 டிசம்பரில் பதவி நீக்கப்பட்டார். தடையை எல்லாவற்றுக்கும் சாக்காகக் காட்டும் ஆட்சியாளர்களுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். 1990 முதல் 2003 வரை ஈராக் மீது ஐக்கிய நாட்டுச் சபை விதித்திருந்த தடையால் ஐந்து இலட்சம் குழந்தைகள் மாண்டனர் என்று நாம் பலகாலம் கேட்டு வந்தோம். அதற்கு அடிப்படையான கணக்கெடுப்பில் சதாம் அரசு கைவைத்திருந்தது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. அத்தடையால் ஈராக்கிய மக்கள் துன்புறவில்லை என்பது இதன் பொருளன்று. மருத்துவமனைகளும் குடிநீரும் சீர்குலைந்ததைக் கண்டு மனம் பொறாமல், ஐக்கிய நாட்டு அலுவலர்களாகவே அங்கிருந்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் பதவி விலகினார்கள். ஆனால் பெரிய எண்ணைக் காட்டி அழவைப்பதும், பின்னர் அந்த எண் பொய்யானதும் எல்லாமே பொய் என்று கைகழுவுவதும் இருபுறமும் நடக்கின்றன. ஆகவே நான் எண்களைவிடப் பொருள்களைப் பின்தொடர்வதையே விரும்புகிறேன். எந்தப் பொருள், எங்கிருந்து புறப்பட்டது, எங்கே நின்றது என்று கேட்டால் ஏமாற்றுவது கடினம்.

அப்படிப் பின்தொடரும்போது மனத்தை மிகவும் வருத்துவது சர்தஷ்த் நகரத்தின் கதை. மேற்கு ஈரானில் குர்து மக்கள் வாழும் சிற்றூர் அது. ஈரான் - ஈராக் போரின்போது 1987 ஜூன் 28ஆம் நாள் ஈராக்கிய விமானங்கள் அதன் மீது கடுகு வாயுக் குண்டுகளை வீசின. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். கடுகு வாயு உடனே கொல்லாதவரையும் விடுவதில்லை. நுரையீரலும் கண்ணும் தோலும் ஆண்டு செல்லச் செல்லக் கெடும். அன்று சிறுவராய் இருந்தவர்கள் இன்று நடுவயதைக் கடந்து, மூச்சுக் கருவியோடும் மங்கிய பார்வையோடும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய மருந்துகளிலும் கருவிகளிலும் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த வாயுவைச் செய்யத் தேவையான மூலப்பொருளை ஈராக்குக்கு விற்றவர்களுள் ஒருவர் டச்சு வணிகர் ஃபிரான்ஸ் வான் அன்ராட். 2005இல் ஹேக் நகர நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. நஞ்சின் மூலப்பொருள் கப்பலேறி வந்து சேர்ந்த வட்டாரத்துக்கு மூச்சிழுக்கும் மருந்து வந்து சேர இத்தனை இடர்ப்பாடா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னது ஒரு வல்லரசு தானாக விதித்த தடை. ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றமே கூடி விதிக்கும் தடையில் இத்தகைய குறை இராது என்று நம்பலாமா? வட கொரியாவை எடுத்துக்கொள்வோம். ஏவுகணைச் சோதனைக்காக அந்நாட்டின் மீது 2017 டிசம்பர் 22ஆம் நாள் 2397 என்ற எண்ணுடைய தீர்மானம் நிறைவேறியது. எந்தெந்தப் பொருள் போகக் கூடாது என்பதை அத்தீர்மானம் சுங்க அட்டவணை எண்ணைக் கொண்டு சொல்கிறது. உலக நாடுகள் எல்லாம் இறக்குமதிப் பொருள்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் அட்டவணை அது. 72 முதல் 89 வரையிலான அத்தியாயங்கள் தடைக்குள் வந்துவிட்டன: இரும்பும் பிற உலோகங்களும், இயந்திரங்கள், மின்பொருள்கள், வாகனங்கள், கப்பல்கள்.

நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் நடத்துகிறேன். ஒரு நாள் பாடத்தை ஒட்டி அவர்களுக்குச் சிறிய பயிற்சி ஒன்று கொடுத்தேன். ‘வாகனங்கள்’, ‘மருத்துவக் கருவிகள்’ என்று இரண்டு தலைப்பு எழுதி, பொருள்களை அவற்றின் கீழ்ப் பிரிக்கச் சொன்னேன். கார், டாங்கி, மோட்டார் சைக்கிள், ஊன்றுகோல், செயற்கைக் கால், செவித்துணைக் கருவி, சக்கர நாற்காலி. ஏறக்குறைய எல்லாரும் சக்கர நாற்காலியை ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு மாணவன் மட்டும் அதை வாகனத்தில் சேர்த்தான். “சக்கரம் இருக்கிறதே, ஐயா!” என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் உலகச் சுங்க அட்டவணை அவன் பக்கம்தான். ஊன்றுகோல், செயற்கைக் கால், செவித்துணைக் கருவி மூன்றும் 90ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. சக்கர நாற்காலியோ 87ஆம் அத்தியாயத்தில், டாங்கியும் மோட்டார் சைக்கிளும் இருக்கும் வரிசையில் 8713 என்ற எண்ணோடு நிற்கிறது. குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டியும் அங்கேதான்.

இதன் விளைவு என்ன? ஊன்றுகோலுக்கு அத்தீர்மானத்தில் தடையில்லை. அதைவிடக் கூடுதலான உதவி தேவைப்படுபவரின் சக்கர நாற்காலி தடைக்குள் வந்துவிடுகிறது. தொண்டு நிறுவனம் ஒன்று அதை அனுப்ப வேண்டுமென்றால் பாதுகாப்பு மன்றத்தின் குழுவுக்கு விண்ணப்பம் எழுதி, எத்தனை நாற்காலி, எங்குச் செய்தது, யாருக்கு என்பதையெல்லாம் பட்டியலிட்டு அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைக்கத்தான் செய்கிறது. காலம் கடந்து கிடைக்கிறது. அட்டவணையை மேலும் புரட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. செவித்துணைக் கருவி 90ஆம் அத்தியாயம். அதற்குள் இடும் துத்தநாகக் காற்று மின்கலம் 85ஆம் அத்தியாயம். கருவி போகலாம், மின்கலத்துக்கு அனுமதி கேட்க வேண்டும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் கருதவில்லை. அட்டவணையைத் தொகுத்தவர்கள் தடையை நினைத்துத் தொகுக்கவில்லை. தடையை எழுதியவர்கள் ஏவுகணை ஏற்றும் வண்டியை நினைத்தார்கள், நாற்காலியை நினைக்கவில்லை. அறையில் இருந்த எவருக்கும் நினைவுக்கு வராத மக்கள் என்பதுதான் இங்குப் பொருள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகக் கியூபாவைப் பற்றியும் இரண்டு சொல் கூறிவிடுகிறேன். பெர்கின்ஸ் பிரெய்ல் இயந்திரத்தை நம்மவர்கள் அறிவார்கள். ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள் கொண்ட, தட்டச்சுப் பொறி போன்ற கனத்த இயந்திரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பெர்கின்ஸ் பள்ளியில் டேவிட் ஆபிரகாம் என்ற கைவினை ஆசிரியர் வடிவமைத்தது. 1951 முதல் தயாராகிறது. கியூபா அங்கிருந்து கடல் தாண்டினால் போதும் என்ற தொலைவில் இருக்கிறது. ஆனால் 1962 முதல் நீடிக்கும் வணிகத் தடையால் இவ்வியந்திரங்களை மூன்றாம் நாடுகளின் வழியே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருப்பதாகக் கியூப அரசு ஐக்கிய நாட்டுச் சபைக்கு அளித்த அறிக்கைகளில் கூறியிருக்கிறது. அரசின் அறிக்கை என்பதால் அதற்குரிய கவனத்தோடு படிக்க வேண்டும். இருந்தாலும், ஒரு விசை பழுதானால் உதிரிப் பாகம் கிடைக்காமல் ஓரத்தில் வைக்கப்பட்ட இயந்திரம் வகுப்பறையில் எத்தனை பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைக்கும் என்பதை நமக்கு எந்த அறிக்கையும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அதன் 32ஆம் விதி, துணைக்கருவிகளும் அவை சார்ந்த தொழில்நுட்பமும் எல்லை கடந்து கிடைப்பதற்கு நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. ஈரான் 2009இல் அதில் இணைந்தது, மலேசியா 2010இல். அமெரிக்கா 2009இல் கையொப்பமிட்டது. ஆனால் 2012 டிசம்பரில் அந்நாட்டு மேலவையில் 61க்கு 38 என்ற கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு எட்டாமல் அது தோற்றது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 2.5 பில்லியனுக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி தேவைப்படுகிறது. அவர்களுள் ஏறத்தாழ ஒரு பில்லியன் பேருக்கு அது கிடைப்பதில்லை. வறுமையே அதற்குப் பெருங்காரணம். வறுமை போதாதென்று அதற்கு மேல் ஒரு பூட்டும் வேண்டுமா என்பதுதான் என் வினா.

பொருளாதாரத் தடையே கூடாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி பணிந்ததில் உலக நாடுகளின் தடைக்கும் பங்குண்டு என்று நம் தலைமுறை ஆசிரியர்கள் படித்தவர்கள். மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தவர்கள். கொடிய அரசுக்கு எதிராக எதுவுமே செய்யாதிருப்பதும் அறமன்று. ஆனால் விதிவிலக்கு என்பது அனுமதியாக மட்டும் இருக்கும் வரை அது பெரும்பாலும் தாளோடு நின்றுவிடும். இன்னின்ன பொருளை விற்கும் நிறுவனத்துக்கும், அதன் பணத்தை மாற்றும் வங்கிக்கும் தண்டம் வராது என்று தடை விதிக்கும் அரசே பெயர் குறிப்பிட்டு எழுத்தில் உறுதி தர வேண்டும். கட்டணம் செல்ல ஒரு வங்கி வழியைத் தடை தொடங்கும் நாளிலேயே திறந்து வைக்க வேண்டும். ஈராண்டு கழித்து அன்று. சுங்க அட்டவணையைக் கொண்டு தடை எழுதும்போது மாற்றுத் திறனாளி ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, நீங்கள் பயன்படுத்தும் பொருள் எதுவும் இதற்குள் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேருந்து அமர்த்தும்போதே நாம் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். சக்கர நாற்காலி ஏறுமா என்று ஓட்டுநரிடம் விசாரிக்காமல் முன்பணம் கட்டுவதில்லை.

ஐக்கிய நாட்டுச் சபையின் சிறப்பு அறிக்கையாளர் அலெனா டூஹான் 2022 மே மாதம் ஈரானுக்கு நேரில் சென்று, மருந்தும் மருத்துவக் கருவியும் கிடைக்காமல் அவதியுறும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். 2025 செப்டம்பர் 28ஆம் நாள், 2015 உடன்பாட்டுக்கு முன்பிருந்த ஐக்கிய நாட்டுத் தடைகளும் ஈரான் மீது திரும்ப நடைமுறைக்கு வந்தன. 2019இல் அந்த மடல் போனபோது பிறந்த ஈ.பி. குழந்தை பிழைத்திருந்தால் இப்போது பள்ளி செல்லும் வயது. விரல்கள் ஒட்டாமல் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து அது எழுதக் கற்றுக்கொண்டிருக்கும்.